குகைக் கூரையும் ஒரு நீபாரும்: விளிம்பைத் தாண்டியாயிற்று

சாலையோரச் சுண்ணாம்புப் பாறையின் அடியிலுள்ள குகையில், கூரையின் உட்புறத்தில் தொடங்கி விளிம்பைக் கடந்து மேலேறும் 7பி கிரேடு (கடினத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட பாறையேற்றப் பாதையை, அதாவது ரூட்டை, கயிற்றில் ஒருமுறைகூட எடையை விடாமல் முதல் ஆங்கர்வரை (ஏற்றத்தின் முடிவில் கயிற்றை மாட்டும் நிலையான இடம்) ஏறி முடித்துவிட்டேன். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் முடித்தே தீர வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்த ரூட் என்பதால், இந்த மகிழ்ச்சியை அடக்கிச் சொல்ல விருப்பமில்லை. கீழ்ப்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிடிகள் பெரியவை, பாறையில் பதித்த உலோகப் பிடிமானங்களான போல்ட்களில் முதலாவதில் கயிற்றை நீளக் கழியால் மாட்டிவிடலாம், கூரையின் நடுப்பகுதிவரை முன்கை களைப்பதில்லை. விளிம்புக்குச் சற்றுக் கீழே, இரண்டு சுண்ணாம்பு விழுதுகளுக்கு இடையில் கிடைக்கும் ஒரே ஒரு நீபார்தான் (தொடைக்கும் பாதத்துக்கும் இடையே காலைப் பாறையில் பூட்டிக்கொள்ளும் நிலை) இந்த ரூட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அந்த இரு விழுதுகளுக்கும் இடையிலான இடைவெளி, என் முழங்காலுக்குச் சற்று மேலிருந்து முன்பாதம்வரையுள்ள நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். முழங்காலுக்கு மேல் கட்டும் நீ பேடில் ஒட்டியிருக்கும் ரப்பரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், கால் பூட்டிக்கொள்வதும் நழுவுவதும் அந்தச் சில மில்லிமீட்டரைப் பொறுத்தே அமைகின்றன. குதிகாலை உயர்த்தி முன்பாதத்தால் அழுத்தினால் தொடை மேல்விழுதில் இறுகி, இரண்டு கைகளையும் விட்டுத் தலைகீழாகத் தொங்க முடியும். ஆனால் குதிகால் உயர்ந்திருக்கும்வரை சுமை முழுவதையும் கெண்டைக்கால்தான் தாங்குகிறது. முன்கையில் இரத்தவோட்டம் திரும்பி அதன் விறைப்பு தணிவதற்கு முன்பே கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கிவிடுகிறது. ஓய்வெடுப்பதற்காகப் போன இடத்திலேயே வேறொரு தசை தீர்ந்துபோகிறது என்பதுதான் இந்த நீபாரின் சிக்கல்.

தீர்வு இடுப்பில் இருந்தது. இடுப்பைச் சாலைப் பக்கமாகத் திருப்பினால், தொடை விழுதின் முகத்தில் நேராக அழுந்தாமல் அதன் பக்கவாட்டிலுள்ள ஒரு வடுவில் சாய்வாகப் போய் அமர்கிறது. அந்தக் கோணத்தில் இடைவெளி சற்றுக் குறைவதால் குதிகாலை முழுமையாக உயர்த்த வேண்டியதில்லை. சுமையின் பெரும்பகுதி தசையை விட்டு எலும்புக்கு மாறிவிடுகிறது. அதன்பின் ஏறத்தாழ இருபது மூச்சுவரை அசையாமல் தங்க முடிந்தது. அதற்கு மேல் தங்குவதில் பயனில்லை, ஏனெனில் தலைகீழாக இருப்பதால் இரத்தம் முகத்தில் தேங்கிக் கண்ணில் அழுத்தம் ஏறுகிறது. கைகளைக் கீழே தொங்கவிட்டு உதறுவதைவிட, ஒவ்வொன்றாக மார்பின்மேல் வைத்துக்கொள்வது முன்கையை விரைவாகத் தேற்றியது.

பேடு கட்டி ஏறினால் ரூட்டின் கிரேடு குறைகிறதே என்று வாதிடுவோர் உண்டு. இந்த ரூட்டில் குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒட்டும் ரப்பர் காலணியை ஏற்றுக்கொண்ட விளையாட்டில், முழங்காலுக்கு மேல் அதே ரப்பரைக் கட்டுவதை மட்டும் விலக்குவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெப்பமண்டலத்தில் பேடின் உண்மையான எதிரி வியர்வைதான். பேடின் நியோபிரீன் (செயற்கை ரப்பர்) துணி ஈரமானதும் தொடையோடு வழுக்கத் தொடங்குகிறது. ரப்பர் பாறையில் பிடித்தபடியே இருக்க, கால் மட்டும் பேடுக்குள் நகர்ந்துவிடுகிறது. வார்களை மேலும் இறுக்கினால் கால் மரத்துப்போகிறது. தொடையை மழித்து, துடைத்து, முற்றிலும் உலர்ந்தபின் ஸ்பிரே பசையை அடித்து, அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை பொறுத்து, அதன்மேல் பேடை ஏற்றி, மேல்விளிம்பைத் துணி டேப்பால் தோலோடு சேர்த்துச் சுற்றுவதுதான் என் அனுபவத்தில் நிலைத்து நின்ற ஒரே முறை. இவை அனைத்தையும் ஏறுவதற்குச் சற்று முன்னர்தான் செய்ய வேண்டும். முன்கூட்டியே கட்டிக்கொண்டு காத்திருந்தால் பசைக்கும் தோலுக்கும் நடுவே வியர்வை சேர்ந்துவிடும். பேடு வாங்குவோர் விற்பனையாளரின் அளவுப் பட்டியலில் தமக்குரியதைவிட ஓர் அளவு சிறியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனெனில் பழகப் பழகத் துணி தளர்கிறது.

பாறையும் வியர்க்கும். முப்பது டிகிரி வெப்பமும் எண்பது விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. குகையின் உட்சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தால், மழையே பெய்யாத நாளிலும் பிடிகளின் மேல் நீர்ப்படலம் படியும். எனவே காற்றின் ஈரப்பதத்தை மட்டும் பார்த்து நாளை முடிவு செய்வதை விட்டுவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் விழுதுகளின் வெப்பநிலையையும் அளந்து இரண்டையும் ஒப்பிடத் தொடங்கினேன். பாறை பனிநிலையைவிட இரண்டு டிகிரியாவது வெப்பமாக இருக்கும் நாளில் கையில் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூள் தூளாகவே நிற்கிறது, இல்லாவிட்டால் சேறாகிவிடுகிறது. இந்தச் சிறு கருவி எனக்குக் கிடைத்த மிகப் பெரிய துணை. விழுதுகளின் உள்ளிருந்து கசியும் நீர் வேறு வகை. அது மழை நின்று பல நாள் கழித்தும் வரும் என்பதால், அதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சாலையோரப் பாறை என்பதால் கீழே நின்று கயிற்றைக் கையாளும் பீலேயரோடு பேசுவதும் தனிக் கலையாகிவிடுகிறது. லாரி கடக்கும்போது குகைக்குள் குரல் கேட்காது. கயிறு வேண்டுமென்றால் தலைக்கு மேல் கையை உயர்த்துவது, இறுக்க வேண்டுமென்றால் இருமுறை இழுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். விளிம்பிலுள்ள போல்ட்டில் கயிற்றைப் போல்ட்டோடு இணைக்கும் வழக்கமான குட்டை இணைப்பான குவிக்டிராவை மாட்டினால் கயிறு பாறையின் முனையில் உராய்ந்து மேலே இழுக்கவே முடியாமல் போகும் என்பதால், அங்கு மட்டும் 60 சென்டிமீட்டர் நீள நாடா வளையமான ஸ்லிங்கைப் பயன்படுத்தினேன். கூரையில் நிரந்தரமாகத் தொங்கவிடப்பட்டிருக்கும் அலுமினியக் கராபினர்களையும் (கயிறு ஓடும் கொக்கி வளையங்கள்) ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மண் படிந்த கயிறு ஓடி ஓடி அவற்றில் பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் ஓரம் கத்திபோல் கூர்மையாகி, விழும்போது கயிற்றின் உறையை அறுத்துவிடக்கூடும். அதனால் முதல் இரண்டு போல்ட்களில் எஃகுக் கராபினர்களை மாட்டி வைத்திருக்கிறேன்.

போல்ட்களைப் பற்றிய கவலை இன்னும் தீரவில்லை. தாய்லாந்தின் ராய்லே, டோன்சாய் பாறைகளிலும் கரீபியனிலுள்ள கேமன் பிராக் தீவிலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்கள், வெளியே பெரிதாக எதுவும் தெரியாமலேயே உள்ளுக்குள் வெடிப்போடி முறிந்தன. குளோரைடும் வெப்பமும் இழுவிசையும் சேர்ந்து விளைவிக்கும் அரிப்பு அது. அதன் பிறகே அங்கெல்லாம் பசையிட்டுப் பதிக்கும் டைட்டேனியம் போல்ட்களுக்கு மாறினார்கள். எங்கள் குகையில் பாதி டைட்டேனியம், மீதி பழைய எஃகு. மீதியை மாற்றுவதற்குத் துளைகளை ஊதி, பிரஷால் தேய்த்து, மீண்டும் ஊதித் தூசியில்லாமல் எடுக்க வேண்டும். ஈரம் கசியும் விழுதுக்கு அருகிலுள்ள துளைகளுக்கு ஈரத்திலும் பிடிக்கும் எபாக்சி பசை தேவை. அதைத் தருவிக்க ஏற்பாடு நடக்கிறது.

முதல் ஆங்கருக்கு மேல் ரூட் தொடர்கிறது. சிறு பிடிகள் நிறைந்த செங்குத்துச் சுவர் அது; அங்கு முழங்காலுக்கு வேலையே இல்லை என்பதால், விளிம்பைத் தாண்டியதும் ஒரு கையால் டேப்பைக் கிழித்துப் பேடைக் கழற்றிவிட முடியுமா என்று தரையில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். இடக்கையால் முடிகிறது. ஆனால் விளிம்பில் ஓய்வு கொடுக்கும் நல்ல பிடி இடக்கைக்கு உரியது. எனவே வலக்கையால் கழற்றுவதற்கு ஏற்றபடி வார்களின் திசையை மாற்றித் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.