சக்கரம் இல்லாமல் ஒரு கறுப்புக் கிண்ணம்

கறுப்பு ராக்கு கிண்ணம், அதாவது ஜப்பானிய முறையில் செய்யும் தேநீர்க் கிண்ணம், சுட்டு முடிந்தது. கியோட்டோவில் வார இறுதியில் நான் போகும் மண்பாண்ட வகுப்பில், சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே எழுப்பியது. மச்சா (பச்சைத் தேயிலைப் பொடி) கலக்கிக் குடித்தும் பார்த்தாயிற்று. மண்ணிலிருந்து சூளை வரை என்ன நடந்தது என்று, நினைவு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

ராக்கு என்றதும் மரத்தூளில் புகைய விட்ட, செம்பு நிறத்தில் மினுக்கும் ஜாடிகள்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது 1960களில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை. இங்கே மரத்தூளும் இல்லை, மினுக்கும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே ஊரில் சோஜிரோ என்பவர், தேநீர்க் கலையின் பெரிய ஆசானான சென் நோ ரிக்யூவின் ரசனைக்கு ஏற்பச் செய்யத் தொடங்கியவை இந்தக் கிண்ணங்கள். அவர் வழிவந்த ராக்கு குடும்பம் இன்றும் கியோட்டோவில் அதே வேலையைச் செய்கிறது. இப்போது 16ஆம் தலைமுறை. தேநீர்க்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு: ‘முதலில் ராக்கு, அடுத்து ஹாகி, மூன்றாவது கராட்சு.’ பின்னவை இரண்டும் வேறு ஊர்களின் மண்பாண்ட வகைகள்; ஹாகிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

மண் சொரசொரப்பானது. சுட்ட மண்ணின் பொடி கலந்திருப்பதால் பிசையும்போதே உள்ளங்கை சிவந்துவிடும். அந்தச் சொரசொரப்பு வேண்டும். கடைசியில் இந்தக் கிண்ணம் தாங்கப் போகும் சூட்டுக்கும் குளிருக்கும், நெருக்கமாக இறுகிய நைஸ் மண் என்றால் வெடித்துவிடும். ஏறக்குறைய ஒரு கிலோ உருண்டையைப் பலகையில் வைத்து அடை தட்டுவது போல வட்டமாகத் தட்டி, ஓரத்தை இரு உள்ளங்கைகளாலும் சுற்றிச் சுற்றி மேலே தூக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் வெளிப்பக்கம் மலர்ந்து தட்டாகிவிடும். கைகளைக் குவித்து உள்பக்கம் தள்ளிக்கொண்டே போனால், இரண்டு கையாலும் தண்ணீர் ஏந்தும்போது வரும் அந்த வடிவம் தானாக வருகிறது. இந்தக் கட்டத்தில் கிண்ணம் பார்க்கச் சகிக்காது. தடியாக, கனமாக, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் உண்மையான வேலை செதுக்குவதில்தான் இருக்கிறது.

பாதி காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும் செதுக்கலாம். நான் வெளிப்பக்கத்தில் கத்தியை வைக்கப் போனேன். சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், தடுத்தார். “உள்ளேதான் கிண்ணம். வெளியே இருப்பது அதன் சட்டை” என்றார்.

உள்ளே செதுக்கும்போது நினைவில் இருக்க வேண்டியது சாசென், அதாவது மச்சாவை நுரைக்க வைக்கும் மூங்கில் மத்து. அது சுழலுவதில்லை; முன்னும் பின்னும் வேகமாக ஓடும். அடித்தளம் குறுகலாக இருந்தால் மூங்கில் நுனிகள் சுவரில் மோதி ஒடியும். தளமும் சுவரும் சேரும் இடம் மடிப்பாக இருந்தால் பொடி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், எத்தனை அடித்தாலும் வராது. அதனால் அந்த மூலை முழுக்க வழவழவென்று வளைய வேண்டும். நடு மையத்தில் மட்டும் லேசான ஒரு பள்ளம்; குடித்து முடித்ததும் மிச்சத் துளிகள் அதில் வந்து கூடும். இது எல்லாவற்றுக்கும் மேலே, மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஆகவே கண்ணுக்கு ‘கொஞ்சம் அகலமோ’ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு.

அப்புறம் விளிம்பு. ராக்கு கிண்ணத்தின் விளிம்பு நேர்கோடு அல்ல. ஐந்து மலைமுகடுகள் என்று சொல்லும்படி மெல்ல ஏறி இறங்கும். அதை வேண்டுமென்றே அலை அலையாக வெட்டினால் உடனே போலி என்று தெரிந்துவிடுகிறது. தேநீர் நிகழ்வில் கிண்ணத்தைக் கழுவிய பிறகு, நனைத்த சிறு லினன் துணியை விளிம்பில் பிடித்து மூன்றரைச் சுற்றுத் துடைப்பார்கள். துணி எங்கேயும் சிக்கக் கூடாது, உதட்டிலும் எதுவும் உறுத்தக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைச் சுற்றிலும் ஓட்டி, தடுக்கும் இடத்தை மட்டும் மழித்தேன். முகடுகள் மிச்சமாகக் கிடைத்தன. அழகுக்காக நான் செய்தது என்று அதில் எதுவுமே இல்லை.

எடைதான் பெரிய புதிர். சுவர் முழுக்க மெல்லியதாக இருந்தால் சூடான தேநீரைக் கையில் ஏந்த முடியாது. முழுக்கத் தடிமன் என்றால் செங்கல். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கனத்தை விட்டு, மேலே போகப் போக மெலிய வைக்க வேண்டும். ராக்கு குடும்பம் 1978இல் தொடங்கிய அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. கிண்ணங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் நிகழ்ச்சிகளும் அங்கே நடத்துகிறார்கள். மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கையைத் தாழ்த்தி, பாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்திலேயே வைத்துக்கொண்டு தூக்க வேண்டும். அப்படித் தூக்கிய கிண்ணம், கண் கணக்குப் போட்டதைவிடக் கை லேசாக உணர்ந்தது. அதன் பிறகு என் கிண்ணத்தின் அடிவளையத்துக்கு உள்பக்கம் இன்னும் நிறையச் சுரண்டினேன்.

எனக்கு இந்த வேலையில் துணிச்சல் கொடுத்தவர் ஹோன்அமி கோயெட்சு (1558–1637). வாள்களை மதிப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர், எழுத்துக் கலைஞர், குயவர் அல்ல. ஆசைக்காக மண் பிசைந்து, ராக்கு குடும்பத்தின் சூளையில் சுட வைத்தார். ஜப்பானில் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் எட்டு. அவற்றுள் ஜப்பானிலேயே செய்தவை இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்று இந்தப் பொழுதுபோக்குக்காரர் செய்த ‘ஃபுஜிசான்’ (ஃபுஜி மலை). மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. தொழில்முறைக் குயவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

கறுப்புப் பூச்சுக்கு ராக்கு குடும்பம் கியோட்டோவின் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துப் பயன்படுத்துகிறது. எங்கள் வகுப்பில் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த தயார் பூச்சு. தூரிகையால் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் அடுத்தது என்று அடுக்க வேண்டும். பொறுமை தவிர இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சூளை நாள்தான் திருவிழா. ராக்கு குடும்பத்தில் கறுப்புக் கிண்ணங்களைக் கரிச்சூளையில் துருத்தி ஊதி ஒவ்வொன்றாகவே சுடுகிறார்கள். எங்களுக்கு வாயு அடுப்புச் சூளை. பார்வைத் துளை வழியே பார்த்தால் பூச்சு முதலில் கொப்புளம் கொப்புளமாகக் கொதிக்கிறது. பிறகு அடங்கி, நனைந்த கல் மாதிரி ஒரே பளபளப்பு. சென்செய் தலையசைத்ததும் கதவைத் திறந்து, நீண்ட இடுக்கியால் கவ்வி, வெளியே எடுக்க வேண்டும். முகக்கவசத்தைத் தாண்டி அனல் அறைகிறது. காற்றில் வந்த கணத்தில் கிண்ணம் ஆரஞ்சாக ஒளிவிட்டது. விளிம்பு முதலில் மங்கி, பிறகு வயிறு, கடைசியாக அடிப்பாகம். ‘டிங், டிங்’ என்று சின்னச் சின்னச் சத்தம். அதற்குள்ளேயே கறுப்பு ஏறிவிட்டது. சூளைக்குள்ளேயே மெதுவாக ஆற விட்டால் இந்தப் பூச்சில் உள்ள இரும்பு பழுப்பாகிவிடும். சட்டென்று ஆறுவதால்தான் இந்தக் கறுப்பு.

இடுக்கி கவ்விய இடத்தில் ஒரு வடு இருக்கிறது. பழைய கறுப்பு ராக்குகளிலும் அது உண்டு, யாரும் மறைப்பதில்லை. நான் அதையே அடையாளமாக வைத்து, விருந்தினரைப் பார்க்க வேண்டிய முன்பக்கத்தைத் தீர்மானித்தேன்: வடுவுக்கு நேர் எதிர்ப்புறம், பூச்சு கொஞ்சம் தடித்து வழிந்து நிற்கும் இடம்.

இனி பயன்பாடு. மண் நீரை உறிஞ்சும் என்பதால் முதலில் வெந்நீரில் சற்று நேரம் ஊற வைத்தேன். 2 கிராம் மச்சா, 80 டிகிரி வெந்நீர் 70 மில்லி. மத்து எங்கேயும் இடிக்கவில்லை. கறுப்புக்குள் அந்தப் பச்சை நுரை கிடப்பதைப் பார்த்தால், பூ வரைந்த கிண்ணங்களை ஏன் தேடினோம் என்று ஆகிவிடுகிறது. கைக்கு இதமான சூடுதான், சுடவில்லை. கழுவிய பிறகு சில நாட்களாவது காற்றாட வைத்துத்தான் பெட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை வாடை வந்துவிடும்.

அடுத்ததாகக் குளிர்காலத்துக்கான குழாய் வடிவக் கிண்ணம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். வாய் குறுகல், ஆழம் அதிகம், தேநீர் சீக்கிரம் ஆறாது. என் கை அதற்குள் போவதே பெரும்பாடு என்பதால், அடித்தளத்தைச் செதுக்க நீண்ட காம்பும் வளைந்த நுனியும் உள்ள கத்தி ஒன்றை மூங்கிலில் சீவிக்கொண்டிருக்கிறேன்.