வீட்டில் புலி, மேடையில் எலி

சமூக மன்றத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. சவுண்ட் செக் நடக்கிறது. கிட்டார் தம்பி தன் டோன் பெட்டியின் கால் பட்டனை அழுத்துகிறார், கரகரப்பில்லாத க்ளீன் டோன். விரல் ஆடுவது தெரிகிறது, சத்தம்தான் வரவில்லை. இரண்டாவது பட்டன், வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன். முன்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா இரண்டு காதையும் பொத்துகிறார். மூன்றாவது, தனி வாசிப்புக்கான லீட். சத்தம் கூட வேண்டிய இடத்தில் கிட்டாரே காணாமல் போகிறது.

"என்ன தம்பி இது?" மிக்சர் பக்கத்திலிருந்து சவுண்ட் அண்ணன்.

"வீட்டுல நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

இந்த வசனத்தைக் கேட்காத சவுண்ட் அண்ணன் சிங்கப்பூரில் இருக்க வாய்ப்பில்லை. தம்பி பொய் சொல்லவில்லை. வீட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கும். கோளாறே அதுதான்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் சத்தம் போடக்கூடாது. ஆகவே ஹீலிக்ஸோ கெம்பரோ குவாட் கார்டெக்ஸோ, ஆம்பையும் எஃபெக்டையும் போலச் செய்யும் பெட்டி எதுவானாலும் டோன் பிறப்பது ஹெட்போனில், மெல்லிய சத்தத்தில். அந்தச் சத்தத்தில் மனிதக் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் மங்கலாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். காதுக்கு எட்டாததைக் கை ஈடுகட்டப் பார்க்கும்: பேஸ் ஏறும், ட்ரெபிள் ஏறும், நடு இறங்கும். அதே பேட்ச் (சேமித்து வைத்த டோன்) மேடையில் 95 டெசிபெல்லில் ஒலித்தால் அடி குமுறும், உச்சி குத்தும். கிட்டார் குடியிருக்க வேண்டிய நடுப்பகுதி காலியாகக் கிடப்பதால் பாடகரும் கீபோர்டும் அங்கே பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். பெட்டிக்குள் ஸ்பீக்கரைப் போலச் செய்யும் கேபினெட் பிளாக்கில், அடி ஒலியை வெட்டும் லோ கட் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், உச்ச ஒலியை வெட்டும் ஹை கட் 6,000 அல்லது 7,000-த்தில் வைத்து, குறைத்த மிட்டைத் திரும்பக் கொடுத்தாலே பாதி வியாதி போய்விடும். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

க்ளீனுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் நடுவே இருந்த அந்த மலை-மடு வித்தியாசத்துக்குக் காரணம் வேறு. மீட்டரில் இரண்டும் ஒரே உயரம் காட்டும்படிதான் தம்பி வைத்திருப்பார். மீட்டர் பார்ப்பது கூர்முனையை, காது கேட்பது சராசரியை. க்ளீனில் மீட்டும் கணத்தில் சத்தம் முள் மாதிரி எழும்பி உடனே விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் அமுக்கிப் பிடித்த சத்தம், முள்ளே இல்லாமல் சுவர் மாதிரி நிற்கும். முனையைச் சமன் செய்தால் சுவர்தான் ஜெயிக்கும். அதனால் முதலில் க்ளீனை உடையாத அளவுக்கு உயர்த்திவிட்டு, மற்றவற்றைக் காதால் கேட்டுக் கீழே இறக்க வேண்டும். இறக்குவது ஆம்ப் பிளாக்கின் சேனல் வால்யூமில். டிரைவையோ மாஸ்டரையோ தொட்டால் சத்தத்தோடு டோனும் மாறிவிடும்.

லீட் ஏன் காணாமல் போனது? ஆம்புக்கு முன்னால் ஒரு டிரைவ் பெடலைச் சொருகி, அதைத்தான் பூஸ்ட் என்று தம்பி நம்பியிருக்கிறார். ஏற்கெனவே நிறைந்த குடம். மேலே ஊற்றினால் வழியுமே தவிர உயராது. சத்தம் ஏறாமல் கரகரப்புதான் கூடும். பூஸ்டை ஆம்ப், கேபினெட் இரண்டையும் தாண்டி, எதிரொலி போடும் டிலேக்கு முன்னால் வையுங்கள். 3 அல்லது 4 டெசிபெல் போதும், 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் மிட் கொஞ்சம் தூக்கலாம். 6-க்குப் போனால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். 10-க்குப் போனால் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட மாட்டார்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் உண்மையான போர் ஆரம்பமாகும். தம்பிக்குத் தன் கிட்டார் கேட்கவில்லை. பெட்டியின் பெரிய வால்யூம் திருகை ஒரு சுற்று ஏற்றுகிறார். அரங்கில் சத்தம் எகிற, சவுண்ட் அண்ணன் ஃபேடரை இறக்குகிறார். மேடையில் தம்பி கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தையும் கையோடு இறக்குகிறார். தம்பிக்கு மறுபடி கேட்கவில்லை, மறுபடி ஏற்றுகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை, நடுவில் பேஸ் கிட்டார்காரர் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஹீலிக்ஸ் மாதிரிப் பெட்டிகளில் அந்தத் திருகு எந்த வெளியீட்டை ஆள வேண்டும் என்று குளோபல் செட்டிங்கில் சொல்லிவிடலாம். கால் அங்குல வெளியீட்டை மட்டும் அதனிடம் கொடுத்து, அதிலிருந்து சொந்த மானிட்டருக்கு வயர் இழுங்கள். மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் வயர்) வெளியீடு ஒரே அளவில் நிற்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் அண்ணனுக்குத் தெரியாது.

அந்த எக்ஸ்எல்ஆரிலும் ஒரு கண்ணி உண்டு. வலுவான லைன் அளவில் விட்டு, மேடையில் வயர்கள் சேரும் பெட்டியின் மைக் உள்ளீட்டில் சொருகினால், அண்ணன் கெயினை (மிக்சர் உள்ளே வாங்கும் அளவை) அடியோடு இறக்கினாலும் கரகரக்கலாம். மெலிந்த மைக் அளவுக்கு மாற்றுங்கள், அல்லது உள்ளே வரும் அளவைக் குறைக்கும் பேட் பட்டனைப் போடச் சொல்லுங்கள். கெயின் வைக்கும்போது எல்லாவற்றிலும் சத்தமான பேட்ச்சை, மேடையில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்துக் காட்டுங்கள். சவுண்ட் செக்கில் தடவிக் கொடுத்துவிட்டு நிகழ்ச்சியில் வெளுத்து வாங்குவது கிட்டார்காரர்களின் பரம்பரைக் குணம்.

ஸ்பீக்கர்கள் மோனோவா, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இடமும் வலமும் துள்ளும் டிலே அங்கே வெறும் கூச்சல். அரங்க முழக்கம் சேர்க்கும் ரிவர்பைப் பாதியாக்கலாம், புளோக் கீழ்த்தளத்திலும் மன்றத்திலும் கான்கிரீட்டே இலவசமாக ரிவர்ப் போடுகிறது.

இதையெல்லாம் மேடையில் போய்ச் செய்ய நேரம் கிடைக்காது, பரதநாட்டியப் பிள்ளைகள் சலங்கையோடு வரிசையில் நிற்பார்கள். ஜாமிங் ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் எடுத்து, டிரம்ஸ், பேஸோடு மேடைச் சத்தத்தில் வைத்து உட்காருங்கள். ரிதம் டோனை முதலில் சரியாக வைத்து, மற்ற ஒவ்வொன்றையும் அதற்கு மாற்றி மாற்றி ஒப்பிடுங்கள். பேட்ச்களை ஒரே ப்ரீசெட்டுக்குள் ஸ்னாப்ஷாட்டாக, அதாவது ஒரே அமைப்பின் வெவ்வேறு நிலைகளாக வைத்தால் மாறும்போது சத்தம் அறுபடாது. நிகழ்ச்சியன்று அரங்கம் குமுறினால் எல்லா பேட்ச்சுக்கும் பொதுவான குளோபல் இக்யூவில் மட்டும் கை வையுங்கள், ஒவ்வொரு பேட்ச்சையும் திறக்காதீர்கள்.

மறுநாள் வீட்டில் ஹெட்போனில் போட்டுக் கேட்டால் அதே பேட்ச்கள் சோர்ந்து, சப்பென்று இருக்கும். கை துறுதுறுக்கும். ஒரு நகல் எடுத்து, 'வீடு' என்று பெயர் வைத்து, அதைக் குடைந்துகொள்ளுங்கள்.