அம்மாவோட தைராய்டும் முடி கொட்டுறதுக்கு வாங்கின மாத்திரையும்

அம்மாவுக்கு 72 வயசு, செங்கோட்டைல இருக்கோம். ஆனி சாரல்ல குளிருதுன்னா சரிங்கலாம், சித்திரை வெயில்லயே போர்வைய இழுத்துப் போத்திட்டு படுத்துட்டாங்க. மலச்சிக்கல், மொகம் உப்பல், கரகரன்னு கொரல், பேசிட்டிருக்கும்போதே தூக்கம், அடுப்புல பால வச்சத மறந்துடுறது. ஊர்ல டாக்டர் டிஎஸ்ஹெச் எடுத்தாரு, அது தைராய்டு பாக்குற ரத்த டெஸ்ட், தைராய்டு கம்மியா சுரந்தா இது ஏறும். 3.1, நார்மல், வயசாயிட்டுல்லன்னு அனுப்பிட்டாரு. நாங்களும் மூணு மாசம் சும்மா இருந்தோம், அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அப்புறம் ஆரியங்காவு வழியா பஸ்ல புனலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், மலை வளைவுல அம்மா ரெண்டு தடவ வாந்தி. நான் ஓபி சீட்டு போட வரிசைல நிக்கேன், அங்க நர்ஸு அம்மாகிட்ட "வேற குளிக கழிக்குன்னுண்டோ"ன்னு கேட்டிருக்கு. மலையாளத்துல குளிகன்னா மாத்திரை. அம்மா குளிக்கிறத கேக்காங்கன்னு நெனச்சு "இல்லம்மா, குளிரு தாங்கல, வாரத்துக்கு ரெண்டு நாள்தான்"னு சொல்ல, நர்ஸு 'இல்ல'ங்கறத மட்டும் எழுதிட்டுப் போயிருச்சு. டாக்டர் அம்மா மொகத்தப் பாத்து சந்தேகப்பட்டு திரும்ப ரத்தம் எடுத்தாங்க, மறுபடியும் நார்மல். வீட்ல இருக்குற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. ஒரு நாள் வீணு.

அடுத்த வாரம் பையக் கொட்டினா உள்ள இருந்தது பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை, 10 மில்லிகிராம், முடி கொட்டுதுன்னு அம்மாவே மெடிக்கல்ல கேட்டு வாங்கி தெனமும் போட்டிருக்காங்க, எனக்கே தெரியாது. அது ரத்தத்துல இருந்தா சில டெஸ்ட் கிட்டுல டிஎஸ்ஹெச் நெசத்த விட கம்மியா, தைராய்டு சுரக்குற ஹார்மோன் டி4 கூடுதலா காட்டுமாம். முடி கொட்டுனதே தைராய்டாலதான். பயோட்டின மூணு நாள் நிறுத்திட்டு தென்காசி லேப்ல டிஎஸ்ஹெச் எடுத்தோம், 38! வயசானவங்களுக்கு டிஎஸ்ஹெச் லேசா ஏறுறது சகஜம், 6, 7ன்னா பல நேரம் மாத்திரையே வேண்டாம், ஆனா 38 வயசுக்கணக்குல வராதுன்னு டாக்டர் சொன்னாங்க.

ஈசிஜி பாத்துட்டு தைராய்டு மாத்திரைய (லெவோதைராக்சின்) 25 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சாங்க. வயசானவங்களுக்கு எடுத்ததும் பெரிய டோஸ் கொடுத்தா நெஞ்சு படபடப்பு வரும், அதனால யாராச்சும் சீக்கிரம் சரியாகட்டும்னு நீங்களா கூட்டிராதீங்க. அம்மாகிட்ட பெரிய சண்டை காலைக் காப்பிக்குத்தான், வெறும் வயித்துல மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காப்பி கூடாது. கால்சியம், அயர்ன் மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளணும், நாங்க கால்சியத்த ராத்திரிக்கு மாத்திட்டோம். டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி சத்து மாத்திரை, முடி மாத்திரை எதையும் விடாம டாக்டர்கிட்ட காட்டிருங்க.

ஆறு வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் 14க்கு எறங்கிருக்கு, டோஸ் கொஞ்சம் கூட்டிருக்காங்க. கொரல் தெளிஞ்சிட்டு. நேத்து போர்வைய மடிச்சு பீரோல வச்சுட்டாங்க.