ஹெர்னியாவுக்குப் போய் ஹெபடைடிஸ் பி தெரிந்துகொண்ட கதை

மாங்காய் சீசனில் கிரேட் தூக்கித் தூக்கி, அடிவயிறும் வலது தொடையும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு வந்திருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வந்துவிடும். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தேழு. அதுவரை காய்ச்சல், தலைவலி தவிர வேறெதற்கும் மருத்துவமனைக்குப் போனதில்லை. சீசன் முடிந்த கையோடு, கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பாக எடுக்க வேண்டிய பரிசோதனைகள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றுக்குக் கீழே ஹெச்.ஐ.வி., ஹெச்.பி.எஸ்.ஏஜி., ஹெச்.சி.வி. என்று மூன்று பெயர்கள் இருந்தன. அவை எதற்கென்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. பின்னவை இரண்டும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கான சோதனைகள் என்று பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன நான்கைந்து தாள்களில் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கான ஒப்புதலும் ஒன்று என்பதைப் பிற்பாடு வீட்டில் நகலைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். சங்கத்தில் கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கடிந்துகொள்கிறவன் நான் என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை, புறநோயாளிகள் வரிசையில் இருபது பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, ஒரு செவிலியர் கதவைத் திறந்து, "ஹெச்.பி.எஸ்.ஏஜி. ரியாக்டிவ்னு வந்த ஹெர்னியா பேஷண்ட் யாருங்க?" என்று உரக்கக் கேட்டார். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

என் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஊழியர்களுக்கான தனி கிட்டுக்குக் கூடுதலாக 12,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எனக்குக் காமாலை வந்ததே இல்லையே, கண்ணும் மஞ்சளாக இல்லையே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லாமலேயும் இருக்கும்" என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. அது சரியான பதில்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதற்கு மேல் இரண்டு வரி சொல்லியிருந்தால், அந்த இரவு நான் தூங்கியிருப்பேன்.

பணத்தைவிட அந்த வட்டம்தான் உறுத்தியது. கோப்பை வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கே எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து எடுத்தார்கள். ஹெச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பு, அதற்கான ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, இந்தச் சோதனை எதற்கு, விருப்பமில்லை என்றால் மறுக்கலாமா, முடிவு யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் பத்து நிமிடம் நிதானமாக விளக்கினார். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் இந்தச் சோதனை கூடாது, முடிவைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் சொல்வதை அவர் வாயிலாகத்தான் அறிந்தேன். அச்சட்டம் ஹெச்.ஐ.வி.யைப் பற்றியது, என் பிரச்சினையோ வேறு. ஆனாலும் அதே மரியாதையோடுதான் என் ஹெபடைடிஸ் முடிவையும் அங்கே பேசினார்கள்.

பரிசோதனைக்கூடத்தில் அந்தச் சோதனை நடப்பதைக் கண்ணால் பார்க்க வாய்த்தது. விரல் நீளமுள்ள வெள்ளை அட்டையின் குழியில் இரண்டு மூன்று துளிகள் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்கான முதல் கோடு சீக்கிரம் தோன்றியது. சிறிது நேரம் கழித்து அதன் பக்கத்தில், பென்சிலால் மெல்லக் கீறியது போல் இரண்டாவது கோடு வந்தது. வெளிறிய கோடாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று சொல்லி, உறுதிசெய்ய எலைசா முறைக்கும் மாதிரியை எடுத்துவைத்தார் அந்தப் பெண்மணி. அதிலும் ரியாக்டிவ் என்றே வந்தது.

அறுவை மருத்துவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான் என்கிறீர்களே, பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் மூன்று விஷயங்கள் சொன்னார். கிருமி தொற்றிய புதிதில் சில வாரங்களுக்குச் சோதனையில் எதுவும் தெரியாது. ஆகவே முடிவு சுத்தமாக வந்தவரையும் நம்பிவிட முடியாது என்பதால்தான் கையுறையும் கண்ணாடியும் எல்லோருக்கும் பொது. ஆனால் ஆபரேஷன் நடுவே ஊசி யார் கையிலாவது குத்திவிட்டால் என்ன மருந்து கொடுப்பது என்று உடனே முடிவெடுக்க நோயாளியின் முடிவு உதவும். அப்படிக் குத்தினால் ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம்தான் என்றும், ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகலாம் என்றும் அவர் சொன்னபோது, பயந்துகொண்டிருந்த நான் முதன்முறையாக அவர்களுக்காகவும் பயந்தேன். மூன்றாவது விஷயம் எனக்கானது. கல்லீரல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது மயக்க மருந்தும் அறுவையும் ஆபத்து, ஆகவே எஸ்.ஜி.பி.டி. முதலிய கல்லீரல் பரிசோதனைகளையும் ஸ்கேனையும் பார்த்த பிறகே நாள் குறிப்பார்களாம். எனக்கு எஸ்.ஜி.பி.டி. 31, இயல்பான அளவில்தான் இருந்தது, நாள் குறித்தார்கள்.

அன்றைய பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே முறை என்றால் எதற்குக் கடைசி என்று மனம் முணுமுணுத்தது. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்ததால் நான் விழித்தே இருந்தேன். மார்புக்கு மேல் பச்சைத் துணி மறைத்திருந்தது. சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு முறையும் தையல் ஊசியைக் கையிலிருந்து கைக்கு மாற்றாமல், எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தட்டில் ஊசி விழும் 'ணங்' என்ற ஓசையை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். முந்தைய நோயாளிகளுக்கும் இதே தட்டுமுறைதானா என்று பிறகு ஒரு செவிலியரிடம் விசாரித்தேன். "எல்லாருக்கும்தாங்க சார். நான் மூணு டோஸும் போட்டு, டைட்டரும் பார்த்துட்டேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியால் உடலில் உண்டான எதிர்ப்புச் சக்தியின் அளவைத்தான் டைட்டர் என்கிறார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புண் ஆறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் நீண்ட வேலை தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் அளவு பார்க்க ரத்தத்தை வெளியே அனுப்பி, முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அளவு குறைவு, வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ஹெச்.பி.இ.ஏஜி. நெகட்டிவ், கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் 6 மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார்கள். வீட்டில் அனைவரையும் சோதிக்கச் சொன்னார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. பிள்ளைகள் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டவர்கள். மனைவிக்கு இப்போது 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. இதற்கிடையே உறவினர் ஒருவர் எனக்கென்று தனி டம்ளர் எடுத்துவைத்ததையும், தட்டாலும் டம்ளராலும் இது பரவாது, ரேசரையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் நகவெட்டியையும்தான் பகிரக் கூடாது என்று என் மனைவி அவருக்குப் பாடம் நடத்தியதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கிருந்து வந்திருக்கும் என்று நானாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: சலூன் கத்தி, காது குத்து, சின்ன வயதில் வெந்நீரில் கொதிக்கவைத்துப் போட்ட கண்ணாடி ஊசி. அம்மாவின் முடிவு ரியாக்டிவ் என்று வந்ததும் அந்தப் பட்டியலை ஓரமாக வைத்தேன். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். நான் பிறந்த காலத்தில் இதற்குத் தடுப்பூசியே புழக்கத்தில் இல்லை.

பேருந்தில் திரும்பி வரும்போது அம்மா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குந்தாரப்பள்ளி தாண்டியதும், "அப்போ நான்தான் உனக்குக் குடுத்தனா சாமி?" என்று கேட்டார். உங்களுக்கே தெரியாத ஒன்றை எப்படிம்மா கொடுத்திருக்க முடியும் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுபது வயதில் அவருக்கும் ஒரு கோப்பு திறந்தார்கள். அதன் மேலட்டையில் பெயரும் எண்ணும் மட்டுமே இருந்தன.

தங்கை ஓசூரிலேயே பார்த்துக்கொண்டாள், அவளுக்கு இல்லை. அண்ணன்தான் பாக்கி. "எனக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றவர், தீபாவளி முடியட்டும் என்றார், பிறகு பொங்கல் முடியட்டும் என்றார். தோப்பில் இப்போது மா பூத்துவிட்டது. மாசியில் எனக்கு அடுத்த பரிசோதனை. மனைவிக்கு மூன்றாவது ஊசியும் அன்றைக்குத்தான். வண்டியில் பின்சீட்டு காலியாக இருக்கும், வாருங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.