சுறா வாய்க்குள்ள

காசிமேட்டுல இன்னிக்கு பால்சுறா வெட்டிட்டு இருந்த அக்கா தலைய தனியா எடுத்து வெச்சாங்க, வாய் திறந்தே கிடந்துச்சு.

குனிஞ்சு பாத்தா முன்வரிசைல ஒரு பல்லு இல்ல. ஆனா நேர் பின்னாடி ஈறுல படுத்தாப்ல அடுத்த பல்லு ரெடி, அதுக்கும் பின்னாடி இன்னொண்ணு!

"அது வுழுந்தா இது வந்து நின்னுக்கும் கண்ணு"ன்னாங்க.

சுறா பல்லு தாடைல வேர் விடாது, ஈறுலதான் புடிச்சு நிக்கும், பின்வரிசை மெல்ல முன்னாடி நகர்ந்துட்டே வரும், சாகுற வரைக்கும்.

பல்லு உருவாக்குற திசு நமக்கும் இருக்கு, ஆனா நிரந்தரப் பல்லு உருவானதும் அது கரைஞ்சிடுது, சுறாவுக்கு கடைசி வரைக்கும் கரையாது.

20 பால் பல்லு, அப்புறம் 32, நமக்கு அவ்ளோதான். அந்தத் திசுவ நம்ம வாயில திரும்ப எழுப்ப முடியுமான்னு மீனுங்கள வெச்சு ஆராய்ச்சி நடக்குது, எனக்கு அதுல ரொம்ப நம்பிக்கை இருக்கு.