தபால் பெட்டியில் யார் பெயர்?

2019 மார்ச் மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலைக்குச் சேர்ந்தபோது, குளிரையும் மொழியையும் சமாளிக்க என்னால் இயன்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். கோவில்பட்டிக்கு அருகே கரிசல் காட்டு ஊரில் வளர்ந்தவனுக்குத் தேவையான கம்பளி உடைகள் அனைத்தும் பெட்டியில் இருந்தன. சென்னையில் ஆறு மாதம் படித்த ஜெர்மன் மொழி, ரொட்டிக் கடை வரையிலாவது கைகொடுத்தது. ஆனால் முதல் மூன்று மாதங்கள் என்னை அலைக்கழித்தது இவை இரண்டுமே அல்ல, தபால் பெட்டியின் மேல் ஒட்டப்படும் ஒரு விரல் நீளப் பெயர்ச்சீட்டு.

இங்குள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர் ஆகியவற்றோடு முகவரி முடிந்துவிடும். ஒரே கட்டடத்தில் பதினாறு குடும்பங்கள் இருந்தாலும், தபால்காரர் வாசலில் உள்ள பதினாறு பெட்டிகளின் பெயர்களைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். எங்கள் ஊரில் ‘மாரியம்மன் கோவில் பின்புறம்’ என்று எழுதினாலே போதும், தபால்காரர் தேநீர்க் கடையில் என்னைக் கண்டால் அங்கேயே கையில் கொடுத்துவிடுவார். இங்கே அந்த வேலை முழுவதையும் பெயர்ச்சீட்டுதான் செய்கிறது.

நான் முதலில் தங்கியது, அலுவலக நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த உள்வாடகை அறை. பெட்டியில் என் பெயரை ஒட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. நான் குடிவந்திருப்பதாக எழுதிக் கொடுக்கவும் மறுத்துவிட்டார். இதன் விபரீதம் எனக்கு உடனே விளங்கவில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அதற்குப் பெயர் அன்மெல்டுங். 2015 நவம்பர் முதல், அந்தப் பதிவுக்கு வீடு கொடுத்தவரின் கையொப்பமிட்ட உறுதிச்சான்றும் கட்டாயம். அந்தச் சான்றுக்கு ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு பெயர் உண்டு. இன்றுவரை அதை நான் இரண்டு தவணையாகத்தான் சொல்கிறேன். சான்று இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் பதினொரு இலக்க வரி எண் வராது. அந்த எண் இல்லாததால் என் முதல் மாதச் சம்பளத்தில், வரிப் பிடித்தம் மிக அதிகமான ஆறாம் வகுப்பின்படி கழித்துவிட்டுத்தான் அலுவலகம் பணம் போட்டது. சம்பளச் சீட்டைப் பார்த்தபோது, வேறு யாருடைய சீட்டோ கைமாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிற்பாடு எண் வந்ததும் கூடுதலாகப் பிடித்த தொகை திரும்பக் கிடைத்தது என்றாலும், அதுவரை ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் தபாலில் வந்து, பெட்டியில் பெயர் இல்லாததால் திரும்பிப் போயிருந்தது.

ஆகவே இங்கு வேலைக்கு வர இருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே ‘பெயரை ஒட்டலாமா, உறுதிச்சான்று தருவீர்களா’ என்ற இரண்டையும் கேட்டுவிடச் சொல்கிறேன். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதும், பல வீடுகளில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும்கூட இல்லாமல் வெறும் சுவர்தான் இருக்கும் என்பதும் அதற்குப் பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவை.

மூன்றாம் மாதம் முறையான வீடு கிடைத்தது. கட்டட நிர்வாகி பெயர்ச்சீட்டை அடித்துக்கொண்டு வந்து, அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் அவரே ஒட்டினார். அதில் இருந்தது என் அப்பாவின் பெயர்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஓர் இனிஷியல்தான். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருந்தேன். அதன் விளைவாக இந்த நாட்டின் எல்லா ஏடுகளிலும் நான் என் அப்பாவாகிவிட்டேன். மருத்துவரின் காத்திருப்பு அறையில் முதல் முறை ‘ஹெர்’ (திரு) என்ற அடைமொழியோடு அப்பாவின் பெயரைச் சற்றே திரித்து அழைத்தபோது, நான் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் முறையும் அழைத்த பிறகுதான், அந்த அறையில் வேறு யாரும் அசையவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் கேர்வொஹெ என்றொரு வழக்கம் இருக்கிறது. மாடிப்படிகளையும் பொது நடையையும் குடியிருப்போரே வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்தவரின் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும், வேலை முடிந்ததும் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். கீழே சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலில், எங்கள் வாரத்துக்கு நேராக அப்பாவின் பெயர் இருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பினேன். நாற்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் துடைப்பத்தைத் தொட்டே அறியாதவர் என்று அம்மா வெகுநேரம் சிரித்தார்.

மனைவி வந்து சேர்ந்தபோது குழப்பம் இன்னும் வளர்ந்தது. அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருந்தது அவளுடைய அப்பாவின் பெயர். மகனுடையதிலோ என் பெயர். ஆக, மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். தம்பதியர் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வது இங்கே புதிதல்ல, ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு இருவரில் எவருடைய குடும்பப் பெயரும் இல்லாதது நிர்வாகிக்குப் பெரிய புதிராகிவிட்டது. எத்தனை குடும்பங்கள் குடியிருக்கிறீர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். இனிஷியலை நான் கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, குழந்தைக்குக் கடிதம் வரவா போகிறது என்று சொல்லி இரண்டு பெயர்களை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு ஊரில் பூர்வீக நிலம் தொடர்பாக ஒரு பவர் பத்திரம் தேவைப்பட்டது. மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் என் கையொப்பத்துக்குச் சான்று பெற்றுத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பா பத்திரத்தைத் தயார் செய்து, உறையின் மேல் தம் கைப்பட முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். வாரங்கள் கடந்தும் அது வரவில்லை. கடைசியில், கொடுக்கப்பட்ட முகவரியில் பெறுநரைக் கண்டறிய முடியவில்லை என்ற ஒட்டுச்சீட்டோடு கோவில்பட்டிக்கே போய்ச் சேர்ந்தது. உறையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் தொட்டு எழுதி வந்ததைப் போலவே, தம் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்து, என் பெயரை முழுதாக எழுதியிருந்தார். எங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இல்லை.

மறுநாளே நிர்வாகியிடம் போய், என் சொந்தப் பெயரையும் சேர்த்து ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். இவர் எப்போது குடிவந்தார் என்றார்.