ஆச்சிக்கு மட்டும் பயமில்லை

தம்பி மகனுக்குச் சின்னம்மை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. நாங்கள் எட்டி நின்று விசாரித்துக்கொண்டிருக்க, ஆச்சி மட்டும் அவன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். கேட்டால், "எனக்கு ஏழு வயசிலேயே வந்து போயாச்சு, இனி அது என்ன செய்யும்?"

பெரும்பாலும் சரிதான். ஒரு கிருமி முதல் முறை நுழையும்போது உடம்பு தடுமாறும். அதற்குப் பொருந்துகிற பி செல், டி செல்களை (கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள்) கண்டுபிடித்துப் பெருக்கவே ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். நோய் போன பிறகு அவற்றில் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் அதை மடக்கும் புரதமான ஆன்டிபாடி சில நாட்களிலேயே தயார்.

எத்தனை காலம் நினைவிருக்கும்? 1846-இல் ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆராயப் போன டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானூமுக்கு அப்போது 25 வயதுதான். அவர் கவனித்தது இது: 1781-இல் அங்கே தட்டம்மை கண்டு தேறியிருந்த முதியவர்கள் ஒருவருக்கும் இம்முறை வரவில்லை. இடையில் 65 ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை!

அப்புறம், சின்னம்மைக் கிருமி கொஞ்சம் கள்ளன். ஆறிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகிடக்கும்; வயதாகி டி செல்கள் தளரும்போது அக்கியாகக் கிளம்பும். ஆச்சியிடம் சொன்னேன்.

"போன வருஷம்தானே குயவர் வீட்டில் அக்கி எழுதிக்கிட்டு வந்தேன், மறந்துட்டியா?"